பழைய வீடுகள் நிறைந்த நகரம் எரிவாயுவிலிருந்து மின்சாரத்திற்கு மாற, நகரசபை முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கதிர்வேல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள ஒரு நடுத்தர நகரத்தில் வசிக்கிறேன். எரிசக்தி தொடர்பாக நகரசபைக்கு ஆலோசனை கூறுவதற்கென்று குடியிருப்போரைக் கொண்டு அமைக்கப்பட்ட தன்னார்வக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் போடவும் எரிவாயுவையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைத்து, அந்த வேலைகளை மின்சாரத்திற்கு மாற்றுவதையும், கட்டடங்களின் மொத்த ஆற்றல் தேவையையே குறைப்பதையும் நகரம் எவ்வாறு ஊக்குவிக்கலாம் என்று அறிக்கை ஒன்று எழுதித் தரும்படி எங்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

புதிய கட்டடங்களைப் பற்றி எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. மாநில அரசு வகுத்துள்ள சிறப்புக் கட்டட விதித் தொகுப்பை எங்கள் நகரசபை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன்படி புதிதாகக் கட்டுவோர் எரிவாயுவைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் பின்னாளில் மின்சாரத்திற்கு மாறுவதற்கான கம்பிகளை இப்போதே இழுத்து வைத்துவிட வேண்டும். 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட புதிய வீட்டில் எரிபொருள் எரிக்க விரும்பினால், அந்த வீடு ஓராண்டில் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடானதைத் தானே உற்பத்தி செய்ய வேண்டும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள், மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும்படி காற்றுப் புகாமல் கட்டும் 'பாசிவ் ஹவுஸ்' தரத்தை எட்ட வேண்டும். கட்டுநர்களும் முணுமுணுத்துக்கொண்டே பழகிவிட்டார்கள்.

சிக்கல் பழைய வீடுகளில்தான். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகள் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டப்பட்டவை. நிலவறையில் ஒரு பாய்லர், சுவர்களுக்குள் வெற்றிடம், பரணில் பெயருக்குக் கொஞ்சம் பஞ்சு என்ற நிலையில் இருப்பவை. இவற்றை என்ன செய்வது என்பதில் எங்கள் குழு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு சாரார் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தைப் போல எரிவாயுவுக்கே தடை கேட்கிறார்கள். இன்னொரு சாரார், பாஸ்டன் நகரம் பெரிய கட்டடங்களின் கார்பன் உமிழ்வுக்கு ஆண்டு வாரியாக வரம்பு விதித்திருப்பதைப் போல நாமும் விதிக்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர், மானியங்களைப் பற்றித் துண்டறிக்கை அச்சிட்டு விநியோகித்தால் போதும் என்கிறார்கள். வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கடத்தும் வெப்பப் பம்பைப் பொருத்தியோருக்கு 2,000 டாலர் வரை கிடைத்துவந்த கூட்டாட்சி அரசின் வரிச் சலுகையும் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

நகர அலுவலகத்தில் இதற்கென்று இருப்பவர் ஒரேயொரு அதிகாரி. பணமும் குறைவு. இந்த நிலையில் நகரம் எதை முதலில் தொட வேண்டும்? இத்துறையில் பணிபுரிவோரும், தத்தம் நகரங்களில் இதைக் கண்டவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஹட்சன்கரை எழுதியது:

நான் நியூயார்க்கில் கட்டட உரிமையாளர்களுக்கு எரிசக்தித் தணிக்கை செய்துதரும் பொறியாளர். உங்கள் குழுவின் மூன்று சாராரில் இரண்டாமவரோடு எனக்கு உடன்பாடு. ஆனால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அது அளவீடு.

நியூயார்க்கின் உள்ளூர்ச் சட்டம் 97 பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2019இல் நிறைவேறிய அந்தச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் உமிழ்வு வரம்பு விதிக்கிறது. 2030இல் வரம்பு மிகவும் இறுகுகிறது. மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். வரம்பை 300 டன் தாண்டும் ஒரு கட்டடம் ஆண்டுதோறும் 80,400 டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், அதுவரை என் தொலைபேசி அழைப்பைக்கூட எடுக்காத நிர்வாகக் குழுத் தலைவர் அடுத்த வாரமே சந்திக்க நேரம் தருகிறார். ஆனால் அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2009இல், சட்டம் 84 வந்துவிட்டது. பெரிய கட்டடங்கள் தங்கள் மின்சார, எரிவாயு, நீர்ப் பயன்பாட்டை ஆண்டுதோறும் நகரத்திடம் பதிவுசெய்ய வேண்டும் என்று மட்டுமே அது சொன்னது. அந்தப் பதிவுகள் பொதுவெளிக்கும் வந்தன. ஒரே தெருவில், ஒரே காலத்தில் கட்டப்பட்ட இரண்டு கட்டடங்களில் ஒன்று மற்றதைப்போல இருமடங்கு எரிப்பது அப்போதுதான் எண்ணாகக் கண்முன் நின்றது. பின்னர் அந்த எண்ணையே எழுத்துத் தரமாக்கி வாசற்கதவில் ஒட்டச் செய்தார்கள். தங்கள் கட்டடத்தின் வாசலில் 'டி' என்று ஒட்டியிருப்பதை மன்ஹாட்டனில் எந்தக் கூட்டுறவு வீட்டுச் சங்கமும் விரும்புவதில்லை. அபராதத்தைவிட அந்தத் தாள் அதிக வேலை செய்திருக்கிறது என்பது என் சொந்தக் கருத்து.

அளவீடு இல்லாமல் வரம்பு விதித்தால், வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதே தெரியாது. மிகத் தளர்வாக வைத்தால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். நியூயார்க்கிலேயே பெரும்பாலான கட்டடங்கள் 2024க்கான வரம்புக்குள் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலே அடங்கிவிட்டன. சட்டத்தின் உண்மையான அழுத்தம் 2030இல்தான் இருக்கிறது. இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாய்லர் ஒன்றின் ஆயுள் இருபது, முப்பது ஆண்டுகள். இன்று பாய்லர் மாற்றப்போகும் ஒருவர் 2030ஐ மனத்தில் வைத்து முடிவெடுக்கிறார் என்றால் சட்டம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்றே பொருள்.

அடுத்தது, அபராதத்தோடு கைகொடுப்பதும் இருக்க வேண்டும். இங்கே 'என்ஒய்சி ஆக்சிலரேட்டர்' என்ற பெயரில் நகரமே இலவச ஆலோசனை தருகிறது. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில் ஒரு பகுதிக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் உமிழ்வு வரம்புக்குப் பதிலாக வேறொரு வழியும் வைத்தார்கள்: 13 எளிய சீரமைப்புகளைச் செய்து முடித்ததாகச் சான்று காட்டினால் போதும். நீராவிக் குழாய்களுக்கு உறை போடுவது, நீராவியைத் தடுத்து நீரை மட்டும் வெளியேவிடும் வால்வுகளில் பழுதானவற்றை மாற்றுவது, ரேடியேட்டர்களில் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு பொருத்துவது போன்றவை அவை. நியூயார்க்கின் பழைய நீராவி வீடுகளில் ஜனவரி மாதத்திலும் சன்னல் திறந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இவற்றின் அருமை புரியும். ஐந்தாம் மாடிக்காரர் வேர்த்துக்கொண்டிருப்பார், முதல் மாடிக்காரர் கம்பளி போர்த்தியிருப்பார்.

பெரிய உதாரணம் ஒன்றையும் சொல்கிறேன். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 2009இல் சீரமைக்கத் தொடங்கியபோது, அதன் 6,514 சன்னல்களையும் தூக்கி எறியாமல், கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்து, அதே கண்ணாடிகளை மறுபடியும் பயன்படுத்தி, நடுவே மெல்லிய படலம் சேர்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பும் தடுப்பு வைத்தார்கள். இவற்றால் குளிரூட்டும் தேவை குறைந்துவிட்டதால், குளிர்விப்பான்களைப் பெரிதாக்கி மாற்ற வேண்டிய செலவே நீங்கி, இருந்தவற்றைப் புதுப்பித்தாலே போதும் என்றாயிற்று. ஆற்றல் பயன்பாட்டில் 38 சதவீதம் குறைப்பது திட்டத்தின் இலக்கு. தேவையைக் குறைத்த பிறகே எந்திரத்தின் அளவை முடிவுசெய்ய வேண்டும் என்ற இந்த வரிசை, 102 மாடிக்கு எப்படிப் பொருந்துமோ அப்படியே உங்கள் ஊரின் இரண்டு மாடி வீட்டுக்கும் பொருந்தும்.

---

குடாப்பகுதி வாசி எழுதியது:

பெர்க்லியின் பெயர் அடிபட்டதால் எழுதுகிறேன். அந்த நகரத்திற்கு அருகில்தான் இருக்கிறேன். உங்கள் குழுவில் தடை கேட்பவர்களுக்கு அந்தக் கதையின் பிற்பாதி தெரிய வேண்டும்.

2019 ஜூலையில் பெர்க்லி நகர மன்றம் புதிய கட்டடங்களில் எரிவாயுக் குழாய் பதிப்பதற்குத் தடை விதித்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுவே. கலிபோர்னியா உணவகச் சங்கம் அதே ஆண்டில் வழக்குத் தொடுத்தது. 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சி எரிசக்திக் கொள்கைச் சட்டம், வீட்டுச் சாதனங்களின் ஆற்றல் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கூட்டாட்சி அரசிடம் வைத்திருக்கிறது. குழாயையே தடுப்பது அடுப்பைத் தடுப்பதற்குச் சமம், ஆகவே நகரத்திற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2023 ஏப்ரலில், மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரிவான அமர்வு விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் 2024 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பின் நகரம் சமரசத்திற்கு வந்து சட்டத்தைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. அந்தத் தீர்ப்பு மாசசூசெட்ஸைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். உங்கள் மாநிலத்தில் கதை வேறு: 2019இல் புரூக்லைன் ஊர் இதே போன்ற விதியை நிறைவேற்றியபோது, அது மாநிலச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரே அடுத்த ஆண்டு தள்ளுபடி செய்தார். பிறகு 2022இல் மாநிலச் சட்டமன்றம் சோதனை முயற்சியாகப் பத்து ஊர்களுக்கு மட்டும் அந்த உரிமையைத் தந்தது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், தடை பற்றிய விவாதத்தில் செலவாகும் ஒவ்வொரு மாலையும் வீண்.

நியூயார்க் நகரம் இன்னொரு வழியில் சென்றது என்பதையும் கவனியுங்கள். 2021இல் இயற்றிய சட்டம் 154, குழாயையோ அடுப்பையோ பெயர் சொல்லித் தடுக்கவில்லை. புதிய கட்டடத்தில் எரிக்கப்படும் எரிபொருள், பத்து லட்சம் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்திற்கு 25 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று காற்று மாசு விதியாக எழுதினார்கள். எரிவாயு ஏறத்தாழ 53 கிலோ வெளியிடுவதால் அது தானாகவே விலகிவிடுகிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கை 2025 மார்ச்சில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விளைவு ஒன்றாக இருந்தும், சட்டத்தை எழுதிய விதத்தால் ஒன்று விழுந்தது, ஒன்று இதுவரை நிற்கிறது.

இப்போது எங்கள் பகுதியில் வேலை நடப்பது வேறு இடங்களில். சான் பிரான்சிஸ்கோ குடாப்பகுதியின் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டு அளவிலான வெந்நீர்க் கொதிகலன்கள் 2027 முதலும், காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் ஃபர்னஸ்கள் 2029 முதலும், எரிப்பதால் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடை வெளியிடாதவையாக மட்டுமே விற்கப்பட வேண்டும் என்பது அது. பாலோ ஆல்டோ நகரம் மின்சாரம், எரிவாயு இரண்டையுமே தானே விநியோகிப்பதால், வெப்பப் பம்பு வெந்நீர்க் கலனை நகரமே பொருத்திக் கொடுத்து, அதன் விலையை மாதக் கட்டணத்திலேயே தவணையாகக் கட்டும் ஏற்பாட்டைச் செய்ய முடிந்தது. தனியார் நிறுவனம் மின்சாரம் வழங்கும் ஊர்களுக்கு இது எளிதல்ல. வீடுகளுக்கான கட்டட விதிகளை நகரங்கள் தம் விருப்பப்படி இறுக்குவதையும் கலிபோர்னியா மாநிலம் 2025இல் இயற்றிய சட்டத்தால் 2031 வரை பெரும்பாலும் நிறுத்திவைத்துவிட்டது. ஆகவே நகரங்கள் மேலேயிருந்து அனுமதிக்கப்பட்ட இடுக்குகளில்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

அடுப்பைப் பற்றி ஒரு சொல். எரிவாயு என்றதும் நம் மக்கள் முதலில் கேட்பது தோசை வருமா, சப்பாத்தி உப்பி வருமா என்பதுதான். தட்டையான அடிப்புறமுள்ள இரும்புத் தோசைக்கல் இண்டக்ஷன் அடுப்பில் நன்றாகவே சூடேறும். பித்தளையும் வெறும் அலுமினியமும் ஏறாது. சப்பாத்தியை நெருப்பில் காட்டி உப்பவைக்க முடியாது, கல்லிலேயே துணியால் அழுத்தி உப்பவைக்கலாம். ஆனால் குளிர்ப் பிரதேச வீட்டின் எரிவாயுச் செலவில் அடுப்பின் பங்கு மிகச் சிறியது. பாய்லரும் வெந்நீருமே பெரும்பங்கை விழுங்குகின்றன. அரசியல் சண்டையோ முழுக்க முழுக்க அடுப்பைச் சுற்றி நடக்கிறது. அறிக்கையில் அடுப்பைக் கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.

---

கதிர்வேல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பத்து ஊர்களின் பட்டியலில் நாங்கள் இல்லை. ஆகவே தடை பற்றிய பேச்சை இத்துடன் முடித்துக்கொள்ளக் குழுவில் முன்மொழிவேன்.

ஹட்சன்கரை அவர்களின் அளவீட்டு யோசனை எங்கள் ஊரின் அலுவலக வளாகங்களுக்கும் பெரிய குடியிருப்புகளுக்கும் பொருந்தும். ஆனால் எங்கள் ஊரின் பெரும்பகுதி ஒரு குடும்ப வீடுகளும், இரண்டு மூன்று குடும்ப வீடுகளும்தான். அவற்றை எந்த வரம்பும் தொடாது. அந்த வீட்டுக்காரர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "மாறினால் என் மாதச் செலவு குறையுமா, கூடுமா?" இதற்கு நேர்மையான விடை என்ன?

---

நிலவறைக்காரர் எழுதியது:

மாசசூசெட்ஸில் வீட்டு எரிசக்தி மதிப்பீடு செய்வது என் தொழில். மற்றவர்களின் நிலவறைகளிலும் பரண்களிலும் காலம் போகிறது. உங்கள் கேள்விக்கு விடை, அந்த வீடு இப்போது எதை எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டுக்காகச் சில விலைகளை வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். உங்கள் ஊர்க் கட்டணச் சீட்டிலுள்ள எண்களை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

மின்சாரம் யூனிட்டுக்கு 32 சென்ட் என்று கொள்வோம். வெப்பப் பம்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே கடத்துகிறது; ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்திற்குக் குளிர்காலச் சராசரியாக 2.8 யூனிட் வெப்பம் தருகிறது என்று வைத்தால், ஒரு யூனிட் வெப்பத்தின் விலை சுமார் 11.4 சென்ட். எண்ணெய் ஒரு கேலன் 3.80 டாலர், பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 11 சென்ட். எரிவாயு ஒரு தெர்ம் (கட்டணச் சீட்டில் எரிவாயுவை அளக்கும் அலகு) 2.20 டாலர், 95 சதவீதத் திறனுள்ள புதிய பாய்லர் என்றால் சுமார் 8 சென்ட். சுவரோரம் ஓடும் பழைய மின் தகட்டு ஹீட்டர் என்றால் முழுதாக 32 சென்ட்.

இதிலிருந்து தெரிவது இதுதான். மின் தகட்டு ஹீட்டரால் சூடாக்கும் வீட்டுக்காரருக்கு வெப்பப் பம்பு முதல் மாதத்திலிருந்தே பெரிய சேமிப்பு. எண்ணெய் எரிப்பவருக்கு ஏறக்குறையச் சமம், கோடையில் குளிரூட்டலும் கூடவே கிடைக்கும். நல்ல நிலையிலுள்ள எரிவாயு பாய்லர் வைத்திருப்பவருக்குச் செலவு கூடும். இதை மறைத்துப் பிரசாரம் செய்யும் நகரம், முதல் பிப்ரவரிக் கட்டணச் சீட்டோடு நம்பிக்கையை இழந்துவிடும். ஓர் அண்டைவீட்டுக்காரர் தன் சீட்டைக் காட்டிப் புலம்பினால், நீங்கள் அச்சிட்ட துண்டறிக்கைகள் அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போகும். ஆகவே நகரம் தன் முயற்சியை முதலில் மின் தகட்டு ஹீட்டர் வீடுகளிலும் எண்ணெய் வீடுகளிலும் குவிக்க வேண்டும். எந்த வீட்டில் எந்த எரிபொருள் என்பது நகரத்தின் சொத்து மதிப்பீட்டுப் பதிவேட்டிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். யாரிடமும் கேட்டுப் போக வேண்டியதில்லை.

எரிவாயு வீடுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மின் கட்டணத்தின் வடிவம். வெப்பப் பம்பு வைத்திருப்போருக்குக் குளிர்கால மாதங்களில் விநியோகக் கட்டணத்தைக் குறைக்கும் முறையை மாநிலத்தின் பெரிய மின் நிறுவனங்கள் 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. மின்சாரம் 32 சென்டிலிருந்து 25ஆக இறங்கினால், மேலே சொன்ன 11.4 சென்ட் சுமார் 9ஆக இறங்கிவிடும். ஆனால் வெப்பப் பம்பு வைத்திருந்தும் இந்தக் கட்டணப் பிரிவில் தாங்கள் சேர்க்கப்பட்டிருக்கிறோமா என்று பார்க்காத வீட்டுக்காரர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு நகர அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போதும். இரண்டாவது வழி, ஏர் கண்டிஷனரை மாற்றும் தருணம். வெப்பப் பம்பு என்பதே, குளிர்பதன வாயுவின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஒரு வால்வு கூடுதலாக உள்ள ஏர் கண்டிஷனர்தான். மைய ஏர் கண்டிஷனர் பழுதாகி மாற்றப்போகிறவர் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டு வெப்பப் பம்பாக வாங்கிக்கொண்டு, எரிவாயுவைக் கடுங்குளிர் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டின் ஓட்டைகளை அடைப்பதற்கு மின்சாரம், எரிவாயு என்ற பேதம் கிடையாது. எல்லா வீட்டிற்கும் அது முதல் வேலை. மாநிலத்தின் எரிசக்திச் சேமிப்புத் திட்டமான 'மாஸ் சேவ்' வழியாக இலவச மதிப்பீடும், சுவர்களுக்கும் பரணுக்கும் வெப்பக் காப்பு இடுவதற்கு முக்கால் பங்கோ அதற்கு மேலோ மானியமும் கிடைக்கின்றன. நாம் எல்லோரும் மின் கட்டணத்தோடு கட்டும் கூடுதல் தொகையிலிருந்து வரும் பணம் அது. இவ்வளவு கொடுத்தும் வேலை ஏன் நடப்பதில்லை என்று பார்த்தால், நான் பரணில் ஏறியதும் தெரியும் பழைய பீங்கான் குமிழ் மின்கம்பி, குழாய்களைச் சுற்றிய கல்நார், கூரையிலிருந்து ஒழுகும் ஈரம் ஆகியவையே காரணம். பழைய கம்பியை மாற்றாமல் அதன்மேல் பஞ்சு நிரப்பக் கூடாது. அந்தக் கம்பியை மாற்ற ஆகும் செலவுக்குக் கிடைக்கும் உதவி பெரும்பாலும் போதாது. வீட்டுக்காரர் "பிறகு பார்க்கலாம்" என்பார். அந்தக் கோப்பு அங்கேயே உறங்கிவிடும். உங்கள் நகரத்திடம் சிறு தொகை இருந்தால், அதை வெப்பப் பம்பு மானியத்தில் சிதறவிடாமல், இந்தத் தடைகளை நீக்குவதற்கு மட்டும் ஒதுக்கச் சொல்வேன். ஒவ்வொரு நகர டாலரும் மாநிலத் திட்டத்தின் பல டாலர்களைத் திறந்துவிடும்.

இன்னொன்று, நகரத்தின் கையில் முழுமையாக இருப்பது அனுமதி அலுவலகம். அமெரிக்காவில் பாய்லர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் சாகின்றன. வீட்டுக்காரர் குளிரில் நடுங்கும்போது, அன்றே வந்து பழையதைப் போலவே ஒன்றைப் பொருத்திவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரரைத்தான் அழைப்பார். வெப்பப் பம்பைப் பற்றி ஆராய அவருக்கு நேரமிருக்காது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் பாய்லர் மாற்ற அனுமதி வாங்கியவர்களின் பட்டியல் நகரத்திடம் இருக்கிறது. அவர்களுக்கு வெயில் காலத்திலேயே கடிதம் அனுப்பி, தன்னார்வலர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பி, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். இத்தகைய வெப்பப் பம்பு வழிகாட்டிகள் மாநிலத்தின் பல ஊர்களில் ஏற்கெனவே இயங்குகிறார்கள். கடிதம் எழுதுவது நகர அதிகாரி, கதவைத் தட்டுவது உங்கள் குழு என்று பிரித்துக்கொண்டால் ஒரே அதிகாரி இருப்பது தடையாகாது.

அனுமதி விண்ணப்பத்தோடு வெப்பத் தேவைக் கணக்கையும் இணைக்கும்படி கேளுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்கு மேல் பெரிய எந்திரத்தைப் பொருத்துவது இங்கே ஒரு நோய். பெரிய எந்திரம் ஓடி ஓடி நிற்கும், திறன் குறையும், சத்தம் கூடும், 100 ஆம்பியர் மின்பெட்டி போதாமல் 200ஆக மாற்ற வேண்டிய செலவையும் இழுத்துவிடும்.

---

மூன்றடுக்கு வாசி எழுதியது:

நிலவறைக்காரர் எழுதியவற்றில் வாடகைக்குக் குடியிருப்போர் எங்கே என்று கேட்க விரும்புகிறேன். நான் இருப்பது மூன்று குடும்பங்கள் வாழும் பழைய மரவீட்டின் மேல்தளத்தில். நிலவறையில் ஒரே எண்ணெய் பாய்லர். எண்ணெய்ச் செலவு வீட்டு உரிமையாளருடையது, வாடகையிலேயே அடக்கம். அவர் பாய்லரை எடுத்துவிட்டு ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனி வெப்பப் பம்பு பொருத்தி, அதை எங்கள் மின் மீட்டரில் இணைத்துவிட்டால், நகரத்தின் கணக்கில் அது வெற்றி. என் கணக்கில் அது பெயர் சொல்லாத வாடகை உயர்வு. வாடகை வீட்டுக்கு வெப்பம் தரும் செலவு உரிமையாளருடையது என்பதே மாநிலத்தின் சுகாதார விதி. ஆனால் குடியிருப்பவர் கட்டுவார் என்று எழுத்துமூல ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அது செல்லும். அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வாக்கியத்தைச் சேர்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

உரிமையாளர் நகரத்தின் பணத்தையோ உதவியையோ பெறுகிறார் என்றால், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு வெப்பச் செலவைக் குடியிருப்பவர்மேல் மாற்றக் கூடாது, அதைக் காரணம் காட்டி வெளியேற்றவும் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்டன் நகரம் தன் உமிழ்வு வரம்புச் சட்டத்தில், வரம்பை மீறுவோர் டன்னுக்கு 234 டாலர் வீதம் செலுத்தும் தொகையை ஒரு தனி நிதியில் சேர்த்து, அதை மாசினாலும் வறுமையினாலும் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளின் கட்டடங்களுக்குச் செலவிட வழி வைத்திருக்கிறது. உங்கள் ஊர் வரம்பு கொண்டுவரும் நாள் வந்தால், அந்தப் பிரிவையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

நிலவறைக்காரர் எழுதியது:

மூன்றடுக்கு வாசி சொல்வது சரி. எந்திரம் யாருடைய மீட்டரில் இணைகிறது என்பதை மானிய விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். பொருத்திய பிறகு மாற்றுவது கடினம். மரவீடுகளில் மூன்று தளங்களுக்கும் பொதுவான மீட்டர் ஒன்றை உரிமையாளர் பெயரில் தனியாக வாங்கி, வெப்பப் பம்புகளை அதில் மட்டும் இணைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மின் பணியாளருக்குக் கூடுதல் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

கதிர்வேல் ஐயா, நெருக்கமான தெருக்களில் அடிக்கடி இடறும் இன்னொரு கல்லையும் சொல்லிவிடுகிறேன். வெப்பப் பம்பின் வெளிப்பெட்டியை வீட்டின் பக்கவாட்டில் வைக்கப் போனால், மனை எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்ற பழைய மண்டல விதி குறுக்கே நிற்கும். அகலமற்ற சந்துள்ள மனைகளில் அந்த இடைவெளி கிடைக்கவே கிடைக்காது. விதிவிலக்கு கேட்டு முறையீட்டுக் குழுவின் முன் நிற்க வேண்டும், மாதக்கணக்கில் காலம் போகும். பாரம்பரியப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட தெரு என்றால், பெட்டி தெருவிலிருந்து தெரியக் கூடாது என்ற இன்னோர் ஆட்சேபமும் சேர்ந்துகொள்ளும். குறிப்பிட்ட ஒலி அளவுக்கு உட்பட்ட பெட்டிகளுக்கு அந்த இடைவெளி பொருந்தாது என்று மண்டல விதியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அதற்குப் பணம் வேண்டாம், மாநிலத்தின் அனுமதியும் வேண்டாம். முடிவு நகர மன்றத்தின் வாக்கில் இருக்கிறது. அறிக்கையில் முதல் பரிந்துரையாக இதை எழுதச் சொல்வேன், ஏனெனில் இந்தக் குளிர்காலத்திற்குள்ளேயே நிறைவேற்றக்கூடியது இதுதான்.